தானுந்தின் கிளட்ச், கியர்ப் பெட்டிப் பழுதுகள்

தானுந்தின் பொறியில் பிறக்கும் சுழற்சி சக்கரங்களைச் சென்றடையும் வழியில் ஏற்படும் கோளாறுகளே கிளட்ச், கியர்ப் பெட்டிப் பழுதுகள் எனப்படுகின்றன. உரசிணைப்பி என்று தமிழில் குறிக்கப்படும் கிளட்ச், பொறியையும் கியர்ப் பெட்டியையும் வேண்டும்போது இணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பு ஆகும். கியர்ப் பெட்டி, அச்சுழற்சியின் வேகத்தையும் முறுக்குவிசையையும் சாலைக்கு ஏற்ப மாற்றித் தருகிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் ஒன்றின் கோளாறு மற்றொன்றின் கோளாறுபோலத் தோன்றுவது மிகவும் இயல்பு. கியர் சரியாக விழவில்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் கியர்ப் பெட்டி நன்றாகவே இருக்கும். கிளட்ச் முழுமையாக விடுபடாததே காரணமாக இருக்கும். கிளட்ச் தட்டின் விலையைவிட, அதை எட்டுவதற்காகக் கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியே பல வண்டிகளில் பெரிய செலவு. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் பழுது எங்கே உள்ளது என்று தெளிந்துகொள்வது பணத்தையும் நேரத்தையும் காக்கும்.

இக்கட்டுரை கையால் கியர் மாற்றும் தானுந்துகளைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. தானியங்கி வகைகள் இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

அமைப்பும் செயற்பாடும்

பொறியின் வணரித்தண்டின் முனையில் ஃபிளைவீல் என்னும் கனமான சக்கரம் பூட்டப்பட்டுள்ளது. அதன் முகத்தின் மீது, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்ட கிளட்ச் தட்டு அமர்கிறது. தட்டின் நடுவிலுள்ள வரிப்பள்ளங்கள் கியர்ப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டின் வரிப்பள்ளங்களுடன் பொருந்தியிருக்கும். தட்டுக்குப் பின்னால் பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தட்டு உள்ளது. விரல்கள் போல வெட்டப்பட்ட வட்டமான விசைவில் ஒன்று அதனை ஃபிளைவீலை நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்தாத நிலையில் கிளட்ச் தட்டு இரண்டுக்கும் இடையே இறுகப் பிடிக்கப்பட்டு, பொறியுடன் சேர்ந்து சுழல்கிறது.

மிதியை அழுத்தும்போது ஒரு கேபிளோ, நீர்மம் நிரம்பிய குழாயோ அந்த அசைவைக் கவைக்கோலுக்குக் கொண்டுசெல்கிறது. கவைக்கோல் ரிலீஸ் பேரிங் என்னும் தாங்கியைத் தள்ள, அது விசைவில்லின் விரல்களை அழுத்துகிறது. அழுத்தத் தட்டு பின்வாங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஓர் அளவு. காலின் கீழ் மிதி பல சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அழுத்தத் தட்டு பின்வாங்குவது ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. நெம்புகோல் விகிதம் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் கேபிள் சிறிதளவு நீண்டாலும், குழாயில் ஒரு குமிழி காற்று புகுந்தாலும் கிளட்ச் விடுபட மறுக்கிறது. கிளட்ச் பழுதுகளில் பெரும்பகுதியை இந்த ஓர் உண்மையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

கியர்ப் பெட்டியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் புதியவை கோத்துக்கொள்கின்றன என்று பலர் கருதுகின்றனர். இன்றைய பெட்டிகளில் முன்னோக்கிய கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் கோத்த நிலையிலேயே சுழல்கின்றன. எந்தச் சக்கரம் தண்டோடு பூட்டப்பட வேண்டும் என்பதை மட்டுமே ஒரு நகரும் உறை முடிவு செய்கிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது பெரும்பாலும் பித்தளையாலான ஒரு கூம்பு வளையம். இதுவே சிங்க்ரோ வளையம். இம்முறையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ஆம் ஆண்டில் காடிலாக் தானுந்துகளில் அறிமுகப்படுத்தியது. இலங்கையில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் போன்ற பழைய தானுந்துகளில் முதலாம் கியருக்குச் சிங்க்ரோ வளையம் இல்லை. ஓடும் வண்டியில் அந்தக் கியருக்கு இறங்க வேண்டுமானால் நடுநிலையில் ஒருமுறை கிளட்சை விட்டு, முடுக்கியை அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துப் போட வேண்டும். இதை அறியாதவர்கள் எழுப்பும் ஒலியைப் பழுது என்று கொள்ளக்கூடாது.

கிளட்ச் வழுக்கல்

கிளட்ச் வழுக்கும்போது பொறியின் வேகம் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. ஏற்றத்திலும், உயர் கியரில் முடுக்கியை முழுதாக அழுத்தும்போதும் இது முதலில் தெரியவரும். வழுக்கல் முற்றிய பின் எரிந்த நாற்றம் வீசும். அந்நாற்றத்தின் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். பொறி 30 கிலோவாட் ஆற்றலைத் தரும்போது தட்டு 20 விழுக்காடு வழுக்கினால் 6 கிலோவாட் வெப்பமாக மாறுகிறது. இது 2 கிலோவாட் வெந்நீர்க் கொதிகலன்கள் மூன்றை, மூடிய சிறு அறை ஒன்றினுள் ஒரே நேரத்தில் எரியவிடுவதற்கு ஒப்பாகும்.

சோதிக்கும் முறை பின்வருமாறு. வண்டியை வெற்றிடமான சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இறுக இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காம் கியரில் இட்டு, பொறியைச் சிறிது முடுக்கிக் கிளட்சை மெல்ல விட வேண்டும். கிளட்ச் நலமாக இருந்தால் பொறி உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு வழுக்குகிறது. இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல தட்டும் எரியும், ஒருமுறை போதும். வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கக்கூடாது.

காரணங்களில் முதலாவது தேய்மானம். தட்டு தேயத் தேய அழுத்தத் தட்டு ஃபிளைவீலை நோக்கி நெருங்கும். விசைவில்லின் விரல்கள் எதிர்ப்பக்கமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். கேபிள் வகையில் இதனால் மிதியின் தொடக்கத்தில் உள்ள தளர்வு படிப்படியாகக் குறையும். தளர்வு முற்றிலும் அற்றுப்போனால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். அந்நிலையில் தட்டில் போதிய தடிப்பு இருந்தாலும் வழுக்கும். ஆகவே வழுக்கல் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தளர்வையே. 1983 முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் கவைக்கோலின் முனையிலுள்ள திருகைச் சரிசெய்து தளர்வை மீட்கலாம். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதன் கையேட்டில் கொடுத்துள்ள அளவையே கொள்ள வேண்டும். கால் மணி நேரத்தில் முடியும் இவ்வேலையைச் செய்யாமலேயே கிளட்சை மாற்றச் சொல்வது நல்ல பட்டறையின் இலக்கணம் அன்று.

இரண்டாவது காரணம் எண்ணெய். வணரித்தண்டின் பின்புற முத்திரையோ, கியர்ப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு முத்திரையோ கசிந்தால் எண்ணெய் தட்டில் படியும். எண்ணெய் ஊறிய உராய்வுப் பொருளைக் கழுவிப் பயன்படுத்துவது பயன் தராது. சூடேறியதும் உள்ளே ஊறியது வெளிவரும். கசிவை நிறுத்தாமல் புதிய தட்டைப் போட்டால் அதுவும் சில மாதங்களில் அதே கதியை அடையும்.

மூன்றாவது காரணம் ஓட்டுநரின் பழக்கம். மிதியின் மேல் எப்போதும் காலை வைத்திருப்பதும், ஏற்றத்தில் பிரேக்கை இடாமல் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் தட்டின் ஆயுளைக் குறைக்கின்றன. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசலான நாளில் ஏறுவோர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை பிரேக்கை இழுத்து நின்று புறப்படுவதே முறை.

கிளட்ச் விடுபடாமை

இது வழுக்கலுக்கு நேர்மாறானது. மிதியை முழுதாக அழுத்தினாலும் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிச் சுழன்றுகொண்டிருக்கும். முதலாம் கியரும் பின்னோக்கிய கியரும் கடினமாக விழும் அல்லது கரகரவென்று கடிக்கும். நின்ற வண்டி மிதியை அழுத்திய நிலையிலேயே முன்னால் ஊர்வதும் உண்டு.

பல வண்டிகளில் பின்னோக்கிய கியருக்குச் சிங்க்ரோ வளையம் இருப்பதில்லை. எனவே அதுவே விடுபடாமையைக் காட்டும் நுண்ணிய கருவி. பொறி மெல்ல ஓடும்போது மிதியை முழுதாக அழுத்தி, நான்கைந்து நொடிகள் பொறுத்துப் பின்னோக்கிய கியரை இட வேண்டும். அந்நேரத்தில் கியர்ப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு நின்றிருக்க வேண்டும். அப்போதும் பற்கள் கடித்தால் தண்டு இன்னும் சுழற்றப்படுகிறது என்று பொருள். பொறியை நிறுத்தியபின் எல்லாக் கியர்களும் எளிதாக விழுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். விழுந்தால் பழுது கிளட்சில். அப்போதும் விழாவிட்டால் கியர் நெம்புகோலின் இணைப்புகளிலோ பெட்டியினுள்ளோ உள்ளது. எவ்விதக் கருவியும் இல்லாமல் மாணவர் ஒருவரும் செய்யக்கூடிய இவ்விரு சோதனைகளும் பல கழற்றல்களைத் தவிர்க்க வல்லவை.

நீர்ம வகையில் முதலில் பார்க்க வேண்டியது நீர்மத் தொட்டி. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டி என்பதால் மட்டம் குறைந்திருப்பதை அலட்சியப்படுத்தலாகாது. மிதியை இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்தியபின் கியர் ஒழுங்காக விழுந்தால், குழாயில் காற்று உள்ளது அல்லது சிலிண்டரின் முத்திரை தேய்ந்துள்ளது. மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் மிதியின் தண்டு வழியே காரின் உட்புறத் தரைவிரிப்பு நனையும். கீழுள்ள சிலேவ் சிலிண்டர் கசிந்தால் அதன் ரப்பர் உறைக்குள் நீர்மம் தேங்கியிருக்கும்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சிலேவ் சிலிண்டரின் காற்றுத் திருகைத் திறந்து நீர்மம் வந்ததும் மூட வேண்டும். மூடிய பின்னரே மிதியை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இவ்வாறு தொடர வேண்டும். இடையில் தொட்டி வற்றினால் புதிய காற்று புகுந்து செய்தது அனைத்தும் வீணாகும். பெரும்பாலான பிரேக் நீர்மங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. திறந்து வைத்த பழைய குப்பியைப் பயன்படுத்தக்கூடாது. வண்ணப்பூச்சின் மேல் சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். சில வண்டிகளில் சிலேவ் சிலிண்டர் கிளட்ச் உறைக்குள்ளேயே, உள்ளீட்டுத் தண்டைச் சுற்றி அமைந்திருக்கும். அது கசிந்தால் கியர்ப் பெட்டியை இறக்காமல் வழியில்லை; அதனால் கிளட்சை மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது வழக்கம்.

கேபிள் வகையில் மிதி நாளுக்கு நாள் கனத்துப்போவது கேபிளின் உள் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து வருவதைக் காட்டலாம். அதைப் பொருட்படுத்தாதவர்கள் நடுவழியில் நிற்க நேரும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் தட்டு துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும், வரிப்பள்ளங்கள் துருவேறித் தட்டு நகராமல் போவதும் உண்டு. மழைக்காலத்திற்குப் பின் எடுக்கப்படும் வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம்.

புறப்படும்போது அதிர்வு

முதலாம் கியரில் கிளட்சை விடும்போது வண்டி நடுங்கிக் குதிப்பது, தட்டு சீராகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிப்பதால் நேர்வது. எண்ணெய் படிதல், தட்டின் வளைவு, ஃபிளைவீலில் சூடேறி நீலம் பாய்ந்த திட்டுகள் ஆகியன காரணங்கள். ஆனால் பொறியைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் கிழிந்திருந்தாலும் இதே அதிர்வு தோன்றும். அவற்றை வெளியிலிருந்தே பார்க்க முடியும் என்பதால் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒலிகளைக் கொண்டு அறிதல்

வண்டி நின்று, பொறி ஓடி, கியர் நடுநிலையில் இருக்கும்போது மிதியை அழுத்தியும் விட்டும் கேட்டால் போதும். மிதியை விட்டிருக்கையில் கியர்ப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு சுழல்கிறது, ரிலீஸ் பேரிங்கின் மேல் சுமை இல்லை. மிதித்தால் தண்டு நிற்கிறது, பேரிங்கின் மேல் சுமை ஏறுகிறது. எனவே மிதிக்கும்போது தோன்றும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கினுடையது. மிதிக்கும்போது மறையும் இரைச்சல் கியர்ப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுப் பேரிங்கினுடையதாக இருக்கலாம். வணரித்தண்டின் முனையில் உள்ள சிறு பைலட் பேரிங், மிதித்துக் கியரிலிட்டு நிற்கும்போதே கேட்கும். ஏனெனில் அப்போதுதான் பொறி சுழல, தண்டு அசையாது நிற்கிறது. முன்சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில் இந்தப் பேரிங்கே கிடையாது.

முன்சக்கர இயக்க வண்டியை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது மட்டும் எழும் டக் டக் என்னும் ஒலி, சக்கரத்தின் அச்சு மூட்டிலிருந்து வருவது. அதைக் கியர்ப் பெட்டியின் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கியர்ப் பெட்டிப் பழுதுகள்

எல்லாக் கியர்களும் கடித்தால் கிளட்ச். ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம். இந்த விதி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. நகரப் போக்குவரத்தில் அடிக்கடி இறங்கும் இரண்டாம் கியரின் வளையம் முதலில் தேய்வது வழக்கம். வளையம் தேய்ந்த வண்டியைக் கியர்களை நிதானமாக மாற்றிச் சில காலம் ஓட்டலாம் என்றாலும், கடித்துக் கடித்து மழுங்கும் பூட்டுப் பற்கள் பின்னர் கியர் தானே கழன்றுவிழக் காரணமாகும்.

முடுக்கியை விடும்போது கியர் தானாக நடுநிலைக்கு வந்துவிடுவது ஆபத்தான பழுது. இறக்கத்தில் இது நேர்ந்தால் பொறியின் தடுப்பு இல்லாமல் வண்டி முழுவதும் பிரேக்கையே நம்பி இறங்கும். மசினகுடியிலிருந்து உதகைக்குச் செல்லும் கல்லட்டிச் சரிவு போன்ற பாதைகளில் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்று வற்புறுத்தப்படுவது எதற்காக என்பதை எண்ணினால் இப்பழுதின் கடுமை விளங்கும். பூட்டுப் பற்களின் தேய்வு, கியர்க் கோலை நிலைநிறுத்தும் பந்து விசைவில்லின் தளர்ச்சி, கவையின் வளைவு ஆகியவை உட்புறக் காரணங்கள். நெம்புகோலின் பிளாஸ்டிக் உறைகள் தேய்வதும் பொறித் தாங்கிகள் தளர்வதும் வெளிப்புறக் காரணங்கள். வெளிப்புறக் காரணங்களை முதலில் நீக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கியர் எண்ணெயின் மட்டத்தைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை உள்ளதா என்று விரலால் பார்ப்பது பொதுவான முறை. எண்ணெயின் தரக்குறியீடும் முக்கியமானது. ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகம், பாசுபரசு சேர்ந்த சேர்மங்கள் ஜிஎல்-4-ஐவிட மிகுதி. அது பின்அச்சுப் பற்சக்கரங்களுக்கு ஏற்றது. ஜிஎல்-4 கேட்கும் கியர்ப் பெட்டியில் அதை ஊற்றினால் சிங்க்ரோ வளையங்கள் வழுக்கிக் கியர் கடிக்கலாம். விலை கூடிய எண்ணெய் எல்லா இடத்திற்கும் நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. வடிக்கும் திருகின் காந்தத்தில் சாம்பல்நிற மெல்லிய பசை இருப்பது இயல்பு. எஃகுத் துண்டுகள் இருந்தால் பல் உடைந்திருக்கலாம்; பொன்னிற மினுக்கம் சிங்க்ரோ வளையங்களிலிருந்து வருவது.

பின்சக்கர இயக்க வண்டிகளில் பெரும்பாலும் நான்காம் கியர் நேரடிக் கியர். உள்ளே வரும் சுழற்சி பக்கத்தண்டைச் சுமக்கச் செய்யாமல் அப்படியே வெளியேறும். ஆகவே மற்றக் கியர்களில் எழும் முழக்கம் நான்காவதில் மறைந்தால் பக்கத்தண்டின் பேரிங்குகளை ஐயுற வேண்டும்.

கிளட்ச் மாற்றுதல்

தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக மாற்றுவதே சிக்கனம். பழைய பேரிங்கை விட்டுவைத்து மிச்சப்படுத்திய சிறு தொகை, அடுத்த ஆண்டு மீண்டும் கியர்ப் பெட்டியை இறக்கும் கூலியில் போய்விடும். ஃபிளைவீலின் முகத்தில் வெடிப்போ ஆழ்ந்த வரிகளோ இருந்தால் கடைந்தெடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். தட்டைப் பொருத்தும்போது எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்ற குறியைப் பார்ப்பதும், நடுமையப்படுத்தும் கருவியால் நேராக்குவதும், திருகுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குவதும் தவறாத நெறிகள். ஏற்றும்போது கியர்ப் பெட்டியின் எடையை உள்ளீட்டுத் தண்டின் மீது தொங்கவிட்டால் புதிய தட்டின் நடுப்பகுதி வளைந்து, முன்பு இல்லாத விடுபடாமையும் அதிர்வும் வந்துசேரும். வரிப்பள்ளங்களில் மசகு மிக மெல்லிதாகவே பூச வேண்டும். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் நுழையக்கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

கிளட்ச் உறைக்குள் படிந்திருக்கும் கரும் தூசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முற்காலத்து உராய்வுத் தட்டுகளில் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. ஐக்கிய இராச்சியம் 1999-இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலும் கல்நாரைத் தடை செய்தன. எல்லா நாடுகளும் அவ்வாறு செய்துவிடவில்லை. பழைய வண்டியிலோ, மலிவான உதிரியிலோ அது இருக்கிறதா என்று கண்ணால் அறிய முடியாது. ஆகையால் தூசியை அழுத்தக் காற்றால் ஊதுவதைக் கைவிட்டு, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பட்டறைகளில் இந்த ஊதும் வேலை பெரும்பாலும் வயது குறைந்த உதவியாளர்களிடமே விடப்படுவது வருந்தத்தக்கது.

தானியங்கி வகைகள்

முறுக்குவிசை மாற்றி கொண்ட தானியங்கிப் பெட்டிகளில் நீர்மமே ஆற்றலைக் கடத்துகிறது; குளிர்விப்பதும் அதுவே. எரிந்த நாற்றமும் கருமையும் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகியதைக் காட்டும். மட்டம் பார்க்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பலவற்றில் பொறி ஓடும்போதும் சிலவற்றில் நிறுத்திய பின்னும் பார்க்க வேண்டும்.

2014-இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வகை, உண்மையில் சாதாரணக் கியர்ப் பெட்டியே. மிதிக்கும் காலுக்குப் பதிலாக ஒரு பொறிமுறை கிளட்சை இயக்குகிறது. ஏற்றத்தில் பிரேக்கை இடாமல் முடுக்கியாலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் அதன் தட்டும் எரியும்.

இரட்டைக் கிளட்ச் வகையில், உலர் தட்டுகள் கொண்ட ஃபோர்டு பவர்ஷிப்ட் பெட்டிகள் புறப்படும்போது நடுங்குவதாகப் பல நாடுகளில் முறையிடப்பட்டது. உள்ளீட்டுத் தண்டின் முத்திரைகள் கசிந்து தட்டுகளில் நீர்மம் படிந்தது அதற்கு ஒரு காரணம். ஆத்திரேலியாவில் அந்நிறுவனம், பிற வாடிக்கையாளரும் இதே குறையைக் கூறியிருந்ததை அறிந்தும், சிலரிடம் ஓட்டும் முறையே காரணம் என்று சொன்னது. 2015 மே முதல் 2016 பெப்ரவரி வரை முறையீடுகளைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று கண்டு, கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் 1 கோடி ஆத்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. அதிர்வுக்கு எண்ணெய்க் கசிவு காரணமாகலாம் என்று மேலே கூறிய அதே பாடம், கணினி இயக்கும் கிளட்சுக்கும் பொருந்துவதை இவ்வழக்கு காட்டுகிறது.

வழியில் கேபிள் அறுந்தால்

கேபிள் அறுந்த வண்டியைப் பாதுகாப்பான இடம் வரை ஓட்டிச்செல்ல முடியும். பொறியை நிறுத்தி, முதலாம் கியரை இட்டு, முன்னால் இடம் இருப்பதைப் பார்த்துத் திறவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வண்டியை நகர்த்தியபடியே பொறியை உயிர்ப்பிக்கும். வண்டி மெல்ல ஓடத் தொடங்கிய பின் முடுக்கியைச் சற்றே விட்டு நெம்புகோலை மென்மையாக இழுத்தால் நடுநிலைக்கு வரும். பொறியின் வேகம் தாழ்ந்து ஒத்துவரும் கணத்தில் இரண்டாம் கியர் தானே விழும். வலிந்து தள்ளினால் சிங்க்ரோ வளையம் பாழாகும். நிறுத்துவதற்கு முன் நடுநிலைக்கு எடுத்துவிட வேண்டும். நெரிசலிலும் ஏற்ற இறக்கங்களிலும் இதை முயலக்கூடாது. மிதியை அழுத்தினால் மட்டுமே ஸ்டார்ட்டர் இயங்கும்படி மின்சொடுக்கி வைத்த புதிய வண்டிகளில் மிதியைத் தரை வரை அழுத்தியபடியே திறவியைத் திருப்ப வேண்டியிருக்கும். கேபிள் அறுந்திருப்பதால் தட்டு விடுபடாது, வண்டி உடனே நகரும்.